நீலப் பழமும் நாட்டுப்பழமும்

பழக்கடை வைத்தவன் பாதி டாக்டர், பட்டம்தான் கிடையாது. சங்கரன்கோவிலில் மட்டுமல்ல, எந்த ஊரில் தராசு பிடிப்பவருக்கும் இந்தத் தலைவலி தெரிந்திருக்கும்.

சிறிசா, பெரிசா?

ஜிம்முக்குப் போகிற ஒருவர் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். ப்ளூபெர்ரியில் எந்த வகைக்கு ஆன்டிஆக்ஸிடன்ட் அதிகம் என்று கேள்வி. டப்பாவில் வருவது தோட்டத்தில் விளைந்த பெரிய பழம், ஐஸ் பாக்கெட்டில் வருவது காட்டு வகை, பொடிசு. சத்து பெரும்பாலும் அந்த நீலத் தோலில்தான். பழம் பொடிசானால் எடைக்கு எடை தோல் கூடுதல், சத்தும் கூடுதல். தொண்டை வறள இத்தனையும் சொல்லி முடித்தேன்.

“சும்மா தெரிஞ்சுக்கிடத்தான் கேட்டேன் அண்ணாச்சி. அந்த வாழைத்தார்ல ரெண்டு நாட்டுப்பழம் குடுங்க.”

தங்கம்மாள்

திருவேங்கடம் பக்கம் பருத்தி போடுகிற குடும்பம். புருஷனுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. ப்ளூபெர்ரி தின்றால் புற்று கரையும் என்று யாரோ பேசிய வீடியோவை வெளியூரில் இருக்கும் மகள் அனுப்பியிருக்கிறாள். தங்கம்மாளுக்குப் பொடிசுதான் வேண்டும். மதுரை மொத்த வியாபாரியிடம் வகை கேட்டால், “டப்பால படம் நல்லாருக்குல்லா, அது போதும்வே” என்று சிரித்தான். எரிச்சலாக வந்தது. வேறொரு வியாபாரியைப் பிடித்துப் பொடிசையே வரவழைத்தேன்.

தங்கம்மாள் வாரம் தவறாமல் வந்தார். விரல் நுனியெல்லாம் நீலம். மசித்துக் கொடுக்கிறார் போலும் என்று நினைத்துக்கொண்டேன். “பழம் பழம்தான், மருந்து இல்ல. ஆஸ்பத்திரிய விட்றாதீங்க” என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். பாக்கெட்டை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டே கேட்பார்.

“அதெல்லாம் ஒழுங்கா போறோம். இதுல கூடுதல் சத்துல்லா, பொழைச்சிருவாருல்லா அண்ணாச்சி?”

கடைசியாக வந்தபோது

புருஷனின் காரியத்துக்குப் பழம் வாங்க வந்தார். வாழைத்தாரைத் திருப்பித் திருப்பி வைத்தேன். அவராகவே பேசினார். “பருத்திக்கு நாங்களே மருந்து அடிக்கோம். தோலுல என்னென்ன ஒட்டிக்கிட்டு இருக்கும்னு எங்களுக்குத் தெரியாதா? நோயாளி வயித்துக்கு ஆவுமா? ஒண்ணொண்ணா நகத்தால உரிச்சு, சதைய மட்டும்தான் ஊட்டுனேன்.”

மிளகை விடக் கொஞ்சம் பெரிய பழம். அதை உரிக்க எத்தனை பொறுமை வேண்டும்! தோலோடு கொடுத்திருந்தாலும் அந்த மனிதர் பிழைத்திருக்க மாட்டார், அது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வீடியோக்காரன் மேல் கோபம், இந்தப் பழத்தின் மேலேயே கோபம். சத்தே அந்தத் தோலில்தான் என்று அவரிடம் நான் வாயே திறக்கவில்லை.

“ஒரு பழத்துலகூட தோல விடல அண்ணாச்சி. நான் எதுல குறை வச்சேன்?”

இப்போதெல்லாம் எதில் சத்து அதிகம் என்று யார் கேட்டாலும் நாட்டுப்பழத்தைத்தான் காட்டுகிறேன்; அதையாவது உரித்துக் கொடுக்கலாம்.