அரைமணி நேரச் சிநேகம்

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் தினமும் மாலை ஒருவர் என்னோடு ரயிலுக்குக் காத்திருப்பார். கம்பெனி கொடுத்த நீலச் சட்டை, புருவத்தில் இரும்புத் தூள். பெஞ்சை எனக்கும் சேர்த்துத் துண்டால் தட்டிவிட்டு, "இன்னா சார், நல்லாகீறியா?" என்பார். என்னை அப்படிக் கேட்க வேறு ஆளில்லை.

அவர் போனுக்கு ரீசார்ஜ் செய்வதில்லை. "அவன் கேக்குற துட்டுக்கு ஒரு வாரம் நாஷ்டா துன்லாம் சார். ஸ்டேஷன் வைஃபை ஃப்ரீ. ஓடிபிதான் என் போனுக்கு வராது. உன் நம்பர போட்டுக்குறேன்." என் போனுக்கு வரும் ஓடிபியைச் சொல்வேன். அரைமணி நேரம் என் தோளை இடித்து இடித்து வீடியோ பார்த்துச் சிரிப்பார்.

ஒருநாள் என் போன் ரிப்பேருக்குப் போயிருந்தது. சொன்னேன். துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். அடுத்த பெஞ்சைத் தட்டிவிட்டு, அங்கே போனும் கையுமாக இருந்த பெண்ணிடம் அதே குரலில், "இன்னாம்மா, நல்லாகீறியா?" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. என் நம்பர் அவருக்கு மனப்பாடம். பெயரை ஒருநாளும் கேட்டதில்லை.

மறுநாள் என் கையில் போனைப் பார்த்ததும் வந்தார், பெஞ்சைத் தட்டினார், கேட்டார்.

"நல்லா இல்ல" என்றேன்.

"சரி சார், ஓடிபி வந்துச்சா?"

வந்திருந்தது. சொன்னேன்.