பத்தில் ஒரு பங்கு

அம்மாவுக்குக் கணக்கு அவ்வளவாக வராது. ஆனால் எந்தத் தொகையைச் சொன்னாலும் அதில் பத்தில் ஒன்று எவ்வளவு என்று மட்டும் கண்ணிமைக்கும் நேரத்தில் சொல்லிவிடுவாள். வீட்டுக்குள் வரும் பணத்தில் முதல் பங்கு ஆலயத்துக்கு, மீதிதான் எங்களுக்கு. தசமபாகம் எடுக்காத பணம் கடைசியில் ஆஸ்பத்திரிக்குத்தான் போகும் என்று உறுதியாக நம்பினாள். அப்பா இறந்து வந்த பி.எஃப். பணத்திலும் எடுத்தாள், பழைய பேப்பர் விற்ற காசிலும் எடுத்தாள். ஒருமுறை எனக்குக் குலுக்கலில் மிக்ஸி விழுந்தபோது, கடைக்குப் போய் அதன் விலையை விசாரித்துவிட்டு வந்தாள். நாங்கள் கேலி செய்வோம், ஆனால் கொடுத்துவிடுவோம். தெலுங்கு ஊரான இந்தத் திருமுல்கேரியில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம். பேச்சில் பாதி தெலுங்கும் இந்தியுமாகிவிட்டது, இந்தப் பழக்கம் மட்டும் அப்படியே இருந்தது.

என் தங்கை கச்சிபௌலியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்தாள். வெளியூர்ப் பயிற்சிக்குப் போன இடத்தில் அவளுடைய மேலதிகாரி அவளைப் பலாத்காரம் செய்தான். இதை நான் சுற்றி வளைத்துச் சொல்லப் போவதில்லை. அந்த வருடம் முழுக்க எல்லோரும் சுற்றி வளைத்துத்தான் சொன்னார்கள். கம்பெனிக்காரர்கள் ‘சம்பவம்’ என்றார்கள், அம்மா ‘அது’ என்றாள். போலீசுக்குப் போக அவளுக்குத் தெம்பில்லை, வா போகலாம் என்று கூட்டிப்போக எனக்கும் தைரியமில்லை. கடைசியில் அவன் ராஜினாமா செய்துவிட்டுப் போனான். நடந்ததை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கம்பெனி நாலு லட்சம் கொடுத்தது.

“வேணாம்னு சொன்னா அவங்களுக்கு மிச்சம். வாங்கினா எனக்கு என்னன்னு தெரியல,” என்றாள் தங்கை. யோசித்து யோசித்து வாங்கினாள். “இது என்ன காசுன்னு எனக்கே புரியலக்கா. புரியிற வரைக்கும் நக்கோ, யாரும் தொட வேணாம்.”

எனக்கும் புரியவில்லை. கொடுத்தார்களே, தப்பு நடந்தது என்று ஒத்துக்கொண்ட மாதிரிதானே என்று ஒரு நாள் தோன்றும். அவர்கள் ஒரு விருந்துக்குச் செலவழிக்கிற தொகை இது என்று மறுநாள் ஆத்திரம் வரும். நாற்பது லட்சம் என்றால் போதுமா என்று ஒருமுறை எனக்குள்ளே கேட்டுக்கொண்டேன். தங்கைக்கு நடந்ததற்கு நானே பேரம் பேசுகிறேனே என்று அருவருப்பாக இருந்தது. ஆனால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடு என்று சொல்லவும் வாய் வரவில்லை.

அம்மாவின் கவலை வேறு. “தசமபாகத்த மட்டுமாவது எடுத்துரலாம்டி. அப்படியே கெடந்தா அவளுக்கு ஆகாது,” என்று என்னையே சுற்றிச் சுற்றி வந்தாள். அம்மாவுக்குச் சாப்பாடும் சரியாக இறங்கவில்லை. நான் போலாரத்தில் பள்ளிக்கூட ஆசிரியை. சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம் கொஞ்சம் இருந்தது. தங்கையின் பணத்தைத் தொட்டால்தானே தப்பு என்று என் பணத்திலிருந்து நாற்பதாயிரத்தை எடுத்து, ‘பெற்ற நன்மைகளுக்காக’ என்று அச்சடித்த ஆலயத்துக் கவரில் வைத்தேன். பெயர் எழுதவில்லை. அம்மாவுக்கும் நிம்மதி, தங்கைக்கும் தெரியாது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

எங்கள் ஆலயத்தில் ஞாயிற்றுக்கிழமை காணிக்கைகளை வாசிப்பார்கள். பெயரில்லாத கவரை வாசிக்க மாட்டார்கள் என்று நான் நினைத்திருந்தேன். பத்தும் ஐம்பதுமாக வருகிற கவர்களை வாசிப்பதில்லைதான். அடுத்த ஞாயிறு போதகர் குரலை உயர்த்தி, “பெயர் சொல்ல விரும்பாத ஒரு குடும்பத்தார், கர்த்தர் தங்களுக்குச் செய்த நன்மைகளுக்காக, நாற்பதாயிரம் ரூபாய்,” என்று வாசித்தார். சபை முழுவதும் ஸ்தோத்திரம் என்றது. கண்ணை மூடியிருந்த அம்மாவும் சொன்னாள். எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் தங்கை உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் மகளுக்குப் பத்தில் ஒன்று கணக்குப் போட எவ்வளவு நேரமாகும்?

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் கேட்டாள். “நீதானேக்கா?”

“ஹவ், நான்தான். ஆனா உன் காசத் தொடல. அது என் சீட்டுப் பணம்.”

“சம்பாதிச்சதுலதானே பத்துல ஒண்ணு எடுப்போம். நான் என்ன சம்பாதிச்சேன்?”

அம்மா குறுக்கே வந்தாள். “கர்த்தர் உன்ன உயிரோட வீடு கொண்டாந்து சேத்தாரே, அதுக்குன்னு வச்சுக்கம்மா.”

“அதுக்குப் பத்துல ஒண்ணு எவ்வளவுன்னு எப்படிம்மா கணக்குப் போட்டீங்க?”

அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். தங்கை என்னிடம், “போய்த் திரும்ப வாங்கிட்டு வா,” என்றாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் போதகர் வீட்டுக்குப் போனேன். நல்ல மனிதர், கோபப்படவில்லை. “காணிக்கையத் திரும்பக் கேட்டு யாரும் வந்ததில்லையேம்மா. கமிட்டியில காரணம் கேட்பாங்களே, என்ன எழுதட்டும்?” என்றார். தெரியாமல் போட்டுவிட்டேன் என்றேன். நாற்பதாயிரத்தையா என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் தங்கையின் ரகசியம் போய்விடும். கம்பெனிக்கு வெளியே அது தெரிந்தவர்கள் நானும் அம்மாவும்தான். வெறுங்கையோடு வந்து, காரணம் சொல்லாமல் கிடைக்காது என்று தங்கையிடம் சொன்னேன். அவள் துப்பட்டாவை எடுத்துப் போட்டுக்கொண்டு, “வா,” என்றாள்.

போதகர் வீட்டில் அவள் உட்காரவில்லை. “ஐயா, ஆபீஸ்ல ஒருத்தன் என்னைப் பலாத்காரம் பண்ணான். கம்பெனி காசு கொடுத்துச்சு. அதுக்கு எடுத்த தசமபாகம்தான் அந்த நாற்பதாயிரம். அது நன்மை இல்ல ஐயா. நீங்க நன்மைன்னு வாசிச்சீங்க.” குரல் நடுங்கவில்லை. போதகர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு கமிட்டி என்றெல்லாம் பேசாமல் உள்ளே போய்ப் பணத்தை எடுத்து வந்து, “மன்னிச்சிரும்மா,” என்று அவள் கையில் கொடுத்தார்.

கேட்டுக்கு வெளியே வந்ததும் அதை என்னிடம் நீட்டினாள். வாங்கிக் கைப்பையில் வைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அப்போது எனக்கு நெஞ்சு லேசானது. செய்த தப்பு நேராகிவிட்டது, இனி அவள் என்னோடு பழையபடி இருப்பாள் என்று நம்பினேன்.

“இப்போ சரியாப் போச்சா?” என்று கேட்டேன்.

“உனக்குச் சரியாப் போச்சுக்கா,” என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள்.