போகாத திமிங்கிலம்

எல்வியோ பியூவை எனக்கு இருபத்திரண்டு வருடங்களாகத் தெரியும். அத்தனை வருடத்தில் அவன் பேசியதை எல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும் என்னுடைய ஒரு வாரப் பேச்சுக்கு ஈடாகாது. தென்கோடிக் கடலோரத்தில் இருக்கும் எங்கள் மாத்ரின் ஊரில் அவனை ஊமை பியூ என்பார்கள். என்னைக் குண்டன் என்பார்கள். ராமிரோ என்று அம்மா வைத்த பெயர் ஓட்டுநர் உரிமத்தில் மட்டும்தான் இருக்கிறது. அவன் தொரதியோ கடற்கரையில் ஆட்களுக்குத் திமிங்கிலம் காட்டுகிறான். படகெல்லாம் கிடையாது, கரையில் உட்கார்ந்தே பார்க்க வேண்டும். அந்த ஆட்களை வேனில் ஏற்றிக்கொண்டு போவதும் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதும் என் பிழைப்பு.

அவன் பிறந்தது உள்ளே மேட்டு நிலத்தில், ஆடுகளைத் தவிர அக்கம்பக்கம் என்று எதுவுமில்லாத ஒரு பண்ணையில். அப்பா ஆட்டு ரோமம் கத்தரிப்பவர். பதினெட்டு வயதில் எல்வியோ மாத்ரினுக்கு வந்து அலுமினியத் தொழிற்சாலையில் சேர்ந்தான். உலைச் சத்தத்துக்கு நடுவே இருபத்தைந்து வருடம் நின்றான். ஷிப்டு முடிந்தால் மற்றவர்கள் குடிக்கப் போவார்கள், இவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு தொரதியோவுக்குப் போவான். அங்கே என்னடா இருக்கிறது என்று ஒருமுறை கேட்டேன். "மூச்சு விடுற சத்தம் கேக்கும்" என்றான். அதற்குமேல் அவன் வாயிலிருந்து எதுவும் பெயரவில்லை.

தாய்த் திமிங்கிலங்கள் குட்டியோடு வந்து கிடக்கும் இடம் அது. கூழாங்கல் கரை அங்கே சட்டென்று ஆழத்தில் இறங்கிவிடும். அதனால் கடல் ஏறும் நேரத்தில் அவை கல்லெறி தூரத்துக்கும் கிட்டத்தில் வந்துவிடும். தலையில் இருக்கும் வெள்ளைத் தடிப்புகளைப் பார்த்தே எது போன முறை வந்தது, எது புதிது என்று எல்வியோ சொல்லிவிடுவான். வெளியூர்க்காரர்கள் அவனைத் தேடி வந்து கேட்க ஆரம்பித்தார்கள். தொழிற்சாலையில் ஆட்குறைப்பு வந்தபோது அவனாகவே கை தூக்கி வெளியே வந்து, தேர்வு எழுதி, வழிகாட்டி அட்டை வாங்கிக்கொண்டான். வாயே திறக்காதவன் வழிகாட்டியா என்று ஊரே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

அவனுடைய வழிகாட்டல் அலாதியானது. வேனில் போகும்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவான். கடல் உச்சத்துக்கு ஏற இரண்டு மணி நேரம் இருக்கும்போது ஆட்களைக் கரைக்குக் கூட்டிவந்து கற்களின் மேல் வரிசையாக உட்காரவைப்பான். திமிங்கிலம் பக்கத்தில் வந்ததும் உள்ளங்கையை உயர்த்துவான். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கூடாது. திமிங்கிலம் தானாகக் கிளம்பிப் போகும்வரை, ஐந்து நிமிடமானாலும் சரி, இரண்டு மணி நேரமானாலும் சரி, மூச்சுச் சத்தம் மட்டும்தான். மற்ற வழிகாட்டிகள் கேலி செய்வார்கள். நாம் பேசுவதால் அதற்கு ஒன்றும் ஆகாது என்று கடற்கரைக் காவலர்களே சொல்லிப் பார்த்தார்கள். ஆனால் அவனுடைய முதல் வருடத்தில் ஒரு பெண்மணி வீறிட்டுக் கத்த, ஒரு தாய் குட்டியைத் தள்ளிக்கொண்டு போனது. அந்தப் பருவம் முழுக்க அது திரும்ப வரவில்லை. அன்றைக்குக் காற்று திரும்பியது, அதனால்தான் போனது என்பது என் கட்சி. அதைச் சொன்னால் அவன் என்னை ஒரு பார்வை பார்ப்பான்.

அவனை நினைத்தால் எனக்குச் சில சமயம் எரிச்சலும் சில சமயம் பாவமுமாக இருக்கும். தினமும் பத்துப் பதினைந்து பேருக்கு நடுவில் இருக்கிறான், அத்தனை பேரும் கடலையே பார்க்கிறார்கள். அவன் முகத்தை ஒருவர்கூடப் பார்ப்பதில்லை. ஊருக்குத் திரும்பியவர்கள் படம் அனுப்புவார்கள். நூற்றுக்கணக்கான படங்கள், ஒன்றில்கூட அவன் இருக்க மாட்டான், ஏனென்றால் எடுத்தவனே அவன்தான். காலையில் ரொட்டிக் கடையில் அரை டஜன் இனிப்பு பன் வாங்குவான். இரண்டைத் தின்றுவிட்டு நாலை என்னிடம் நீட்டுவான். நான் குண்டானதில் அவனுக்கும் பங்கு உண்டு. திமிங்கிலம் வராத கோடை மாதங்களில் விடுதிகளில் வாட்டர் ஹீட்டர் பழுது பார்ப்பான். வீட்டில் ஆள் இருப்பது போலத் தோன்றட்டும் என்று ரேடியோவை அணைக்காமலே வெளியே போவான். இதையெல்லாம் அவன் சொல்லி நான் தெரிந்துகொள்ளவில்லை. பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

மிர்த்தா டீச்சர் வந்தது மூன்று வருடத்துக்கு முன்பு. மலைப் பக்கம் எஸ்கெல் ஊரில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவர், கணவரைப் பிரிந்து பல காலமாகத் தனியாக இருப்பவர். முதல் வருடம் ஆசிரியர் கூட்டத்தோடு வந்தார். எல்லோரும் கடலைப் பார்க்க, இவர் மட்டும் ஒருமுறை திரும்பி, உயர்ந்திருந்த அந்த உள்ளங்கைக்காரனைப் பார்த்தார். வேன் ஜன்னல் வழியாக நான் கவனித்தேன். அடுத்த வருடம் தனியாக வந்தார். போன வருடம் இரண்டு வாரம் தங்கினார். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஃபோன். அவர் பேசுவார், இவன் "ம்" என்பான். ஒரு மணி நேரம் "ம்" சொல்வதற்கு ஃபோன் எதற்கு என்று நான் கிண்டல் செய்வேன். அதற்கும் "ம்" என்பான்.

இந்த வருடம் டீச்சர் ஓய்வு பெற்றார். கோர்தோபாவில் இருக்கும் தங்கை தன்னோடு வந்து இருக்கச் சொல்லிவிட்டாள். செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை மாத்ரின் வழியாகப் போகிறேன், மாலை ஆறரைக்குப் பஸ், மதியம் கடற்கரைக்கு வருகிறேன் என்று எல்வியோவுக்குச் செய்தி அனுப்பினார். அந்த வாரம் அவன் தன் வீட்டுப் பின்னறைக்கு வெள்ளையடித்தான். சனிக்கிழமை காலை பன் பொட்டலத்தோடு வேனுக்கு வந்து நின்றான்.

"குண்டா, இன்னிக்குக் கேக்கப்போறேன்."

"என்னத்த?"

"இங்கயே இருங்கன்னு."

"அடப்பாவி, இதுக்கு மூணு வருஷமா? அவங்ககிட்ட இன்னும் வாங்க போங்கன்னுதான் பேசுவியா?"

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்ல. கேளு. சுருக்கமாக் கேளு, அது உனக்கு வரும்."

ஒரு மணிக்கு டீச்சரைப் பஸ் நிலையத்தில் ஏற்றினேன். இரண்டு பெரிய பெட்டிகள், ஒரு கைப்பை, மாத்தே என்ற இலைத் தேநீர் குடிக்கும் சுரைக்குடுவையும் வெந்நீர் ஃபிளாஸ்க்கும் தனியாகத் தோளில். ரொசாரியோவிலிருந்து வந்த ஒரு தம்பதியும் அந்தப் பெண்ணின் மாமியாரும் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். எல்வியோ முன்னமே கரைக்குப் போய்விட்டான். டீச்சர் என் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டு, பாதி வழி வந்த பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அவர் ஏதாவது சொன்னாரா, குண்டன்?"

"அவனா? அவன் என்னைக்கு எங்கிட்ட சொல்லியிருக்கான்?"

"தங்கச்சிகிட்ட இன்னும் வர்றேன்னு முடிவாச் சொல்லல. இங்கேருந்து ஃபோன் பண்றேன்னு சொல்லியிருக்கேன்."

இதைவிட ஒரு பெண் எப்படிச் சொல்வாள்? எனக்கு அங்கேயே கொட்டிவிட வேண்டும்போல் இருந்தது. அது அவன் கேட்க வேண்டியது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

கடல் உச்சத்துக்கு ஏறுவது அன்று மூன்றரைக்கு. நாங்கள் கரையில் இறங்கியபோது மணி ஒன்றே முக்கால். எல்வியோ ஆட்களை உட்காரவைத்தான், தன் பக்கத்தில் டீச்சருக்கு இடம் விட்டான். அவன் சட்டை இஸ்திரி போட்டிருந்ததை அன்றுதான் பார்த்தேன். வாயைத் திறந்தான். சத்தியமாகத் திறந்தான், நான் நாலடி தூரத்தில்தான் நின்றிருந்தேன். அந்த நேரம் பார்த்து, கரைக்கு முப்பதடியில், தண்ணீர் பிளந்து ஒரு பெரிய மூச்சு வெளியே வந்தது. பக்கத்திலேயே சின்னதாக இன்னொன்று. தாயும் குட்டியும். எல்வியோவின் உள்ளங்கை உயர்ந்தது.

சரி, பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று நினைத்தேன். அது போகவில்லை. தாய் பக்கவாட்டில் புரண்டு படுத்தது, குட்டி அதன் மேல் ஏறி இறங்கியது. கடற்காகங்கள் வந்து முதுகைக் கொத்தின, அது முங்கி எழுந்து அதே இடத்தில் கிடந்தது. மூன்று மணி ஆயிற்று. டீச்சர் மாத்தே ஊற்றி எல்வியோவிடம் நீட்டினார், அவன் உறிஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். ஐந்தாறு முறை குடுவை போய் வந்தது, ஒரு வார்த்தை போய் வரவில்லை. ஒருமுறை குடுவையைக் கொடுத்தபோது டீச்சர் கையை எடுக்காமல் வைத்திருந்தார். அவனும் எடுக்கவில்லை. அப்போது குட்டி வாலால் தண்ணீரை அறைந்தது, அவன் கண் கடலுக்குப் போய்விட்டது.

நாலரை. ஐந்து. கடல் இறங்க ஆரம்பித்து வெகுநேரம் ஆகிவிட்டது. இத்தனை நேரம் எந்தத் தாயும் இவ்வளவு கிட்டத்தில் கிடந்து நான் பார்த்ததில்லை. நான் எல்வியோவின் முதுகுக்குப் பின்னால் போய்க் கடிகாரத்தைக் காட்டினேன், தொண்டையைச் செருமினேன். திரும்பி என் மேல் எரிந்து விழுகிற மாதிரிப் பார்த்தான். கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போய்ப் பேசினால் என்ன குடி முழுகிவிடும்? இருபது அடி நடந்தால் போதும். அது அவனுக்குத் தோன்றவேயில்லை. தன் கையால் எழுப்பிய சுவருக்குள் அவனே உட்கார்ந்திருந்தான்.

ஐந்தே காலுக்கு டீச்சர் எழுந்தார். பாவாடையில் ஒட்டிய பொடிக்கல்லைத் தட்டினார். எல்வியோவும் பாதி எழுந்தான். அவன் உதடு அசைந்தது. டீச்சர் காத்திருந்தார். நான் மனசுக்குள் எண்ணினேன், இருபதுக்கு மேலேயே இருக்கும். பிறகு அவர் அவன் தோளை லேசாகத் தொட்டுவிட்டு வேனுக்கு நடந்தார். மற்ற மூவரைத் திரும்ப வந்து ஏற்றிக்கொள்ளலாம் என்று அவரை மட்டும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

வழியில் என்னால் அடக்க முடியவில்லை. "டீச்சர், அவன் கேக்கணும்னுதான் இருந்தான். காலையில எங்கிட்ட சொன்னான். அந்தச் சனியன் போயிருந்தா கேட்டிருப்பான்."

அவர் கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். "திமிங்கிலம் போயிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார், குண்டன். எனக்கு அது ரெண்டு மணி நேரம் முன்னாடியே தெரிஞ்சுபோச்சு. ஆனாலும் உக்காந்திருந்தேன்."

"நான்தான் சொல்லிட்டேனே, டீச்சர்."

"நீங்க சொன்னா நான் உங்க வீட்டுலதான் வந்து இருக்கணும்" என்று சிரித்தார். கண் சிரிக்கவில்லை.

பஸ் நிலையத்தில் பெட்டிகளை இறக்கும்போது அறிவிப்பு கேட்டது. தெற்கே காற்றாம், பஸ் நாற்பது நிமிடம் தாமதம். டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்து ஃபோனைக் கையில் எடுத்தார். நான் வேனைத் திருப்பி, அந்தச் சரளைச் சாலையில் இதுவரை ஓட்டாத வேகத்தில் ஓட்டினேன்.

கரையில் ரொசாரியோக்காரர்கள் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். எல்வியோ தனியாக நின்றிருந்தான். கடல் வெறுமையாக இருந்தது.

"போயிடுச்சு" என்றான். "நீ மேட்டுல ஏறுறதுக்குள்ளயே போயிடுச்சு."

"ஏறுடா வண்டியில. பஸ் லேட்டு. போய்க் கேளு."

ஏறினான். நம்பவே முடியவில்லை, ஒரு பேச்சுக்கூட எதிர்த்துப் பேசாமல் ஏறினான். பின்னால் மாமியார் குளிருகிறது, பசிக்கிறது என்று முனகினாள், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நிலையத்துக்குள் நுழையும்போது பஸ் வந்து நின்று பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தது. எல்வியோ ஓடினான். அறுபத்தொரு வயது ஆள் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. நானும் பின்னாலேயே போனேன், ஒட்டுக்கேட்கத்தான்.

டீச்சர் படியில் ஒரு காலை வைத்தவர் இறங்கி வந்தார். அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

"நீங்க கிளம்புனதும் அது போயிடுச்சு" என்றான் எல்வியோ, மூச்சு வாங்க.

"அப்படியா?"

"குட்டி கரைப் பக்கம், தாய் வெளிப்பக்கம். வடக்கே போச்சு. குட்டிக்கு மூணு வாரம் இருக்கும். வயித்துல வெள்ளைத் திட்டு பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அந்தத் தாய் மூணு வருஷம் முன்னாடி வந்தது. நீங்க முதல்ல வந்தீங்களே, அப்ப. தலைத் தடிப்பைப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சுது."

அவன் பேசினான். நிறுத்தாமல் பேசினான். பால் எவ்வளவு குடிக்கும், எப்போது கரையை விட்டுப் போகும், அடுத்தது எந்த வருடம் வரும், எல்லாம் சொன்னான். இருபத்திரண்டு வருடத்தில் அவன் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. டீச்சர் ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றார். பஸ் ஓட்டுநர் ஹாரன் அடித்தார். டீச்சர் இன்னும் கொஞ்சம் நின்றார். பிறகு அவன் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டுப் படி ஏறினார். கதவு மூடியது.

வேனில் அவன் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தான். நான் கடற்கரைத் தெருவுக்கு வண்டியைத் திருப்பினேன்.

"தொண்டை வரைக்கும் வந்துச்சு, குண்டா" என்றான் திடீரென்று. "வாயத் தொறந்தா திமிங்கிலம்தான் வெளிய வருது."

பின்னால் இருந்த மூவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். வழிகாட்டி கடைசியில் ஒரு வேடிக்கை சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள்.