பக்கற்றில் சிரித்த பெண்

நான் ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, என் மனைவி வறுத்து அரைக்கும் கறித்தூளைப் பக்கற்றில் அடைத்து விற்கத் தொடங்கினோம். வறுப்பது அவள். லேபல் முதலிய அறிவுள்ள வேலைகள் என்னுடையவை என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். லேபலில் ஒரு பெண்ணின் படம் இருந்தால் சனம் நம்பி வாங்கும் என்று அச்சகத்தில் சொன்னார்கள்.

"அப்ப என் போட்டோவப் போடுங்களேன்" என்றாள் மனைவி. விளையாட்டுப்போலத்தான் சொன்னாள். ஆனால் அன்று அவள் தலைவாரிப் பூ வைத்திருந்ததை நான் கவனித்தேன். கவனித்த பிறகும், "ஒன் மொகம் பிரிண்டுக்கு எடுக்காது" என்றேன்.

யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டிருந்த படங்களிலிருந்து ஒருத்தியைத் தேர்ந்தேன். சேலை கட்டி, கையில் கரண்டியோடு சிரித்தாள். அவளுக்கு முன்னாலிருந்த தட்டில் எங்கள் மாத்தளையில் எவரும் சமைத்திராத ஏதோ ஒரு கீரை. யாரென்று கேட்டவர்களிடம், "நம்ம வீட்டம்மாதான்" என்றேன்.

யட்டவத்தயில் எங்கள் தூளை நன்றாக விற்றுத் தந்த கடை முதலாளிக்கு அதே படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். அவர் பக்திமான். சாமி படங்களுக்கும் தம் காலஞ்சென்ற தகப்பனாருக்கும் நடுவில் மாட்டினார். வெள்ளிக்கிழமைகளில் சுவரிலுள்ள எல்லாச் சட்டங்களுக்கும் மாலை போட்டுச் சாம்பிராணி காட்டுவது அவர் வழக்கம். அவளுக்கும் மாலை விழுந்தது. பிறகென்ன, சாமான் வாங்க வந்தவர்கள் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். அவர்கள் பேசியதைக் கேட்டு, மாலை போட்ட முதலாளியே நம்பிவிட்டார்.

"சேர், அம்மா தவறிட்டாங்களாமே, ஒரு வார்த்த சொல்லலியே!" என்று தொலைபேசியில் தழுதழுத்தார். நான் வாயெடுப்பதற்குள், "அவங்க கையால செஞ்ச கடைசித் தூளுன்னு சனம் அள்ளிக்கிட்டுப் போவுது" என்றார்.

"இன்னும் கொஞ்சம் இருக்கு, அனுப்புறேன்" என்றேன்.

பக்கற்றில் எங்கள் விலாசம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை யட்டவத்தயிலிருந்து சில பெண்கள் சீனியும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்கள். மனைவி அடுப்படியிலிருந்து கைகளில் மல்லித்தூளோடு வந்து நின்றாள்.

"நீங்க அவங்க தங்கச்சிங்களா?" என்று மூத்தவள் கேட்டாள்.

மனைவி என்னைப் பார்த்தாள். "சொந்தக்காரங்க" என்றேன்.

அவள் உள்ளே போய், வந்தவர்களுக்குச் சமைத்துப் போட்டாள். கோழிக்கறியை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்ட மூத்தவள், "தப்பா நெனைக்காதீங்க, அந்தம்மா கைப்பக்குவம் ஒங்களுக்கு வரல" என்றாள்.

"எப்படிங்க வரும்? அவங்க எடம் வேற" என்றாள் மனைவி.

மறுநாள் அவள் வறுக்கவில்லை. ஏனென்று கேட்டேன். "செத்தவ எப்படிங்க வறுப்பா?"

அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. அவளைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி யட்டவத்த போனேன். முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படத்திலிருப்பவள் யாரென்றே எனக்குத் தெரியாது, மாத்தளையில் ஒரு பல் வைத்தியரின் போர்டிலும் இவள்தான் சிரிக்கிறாள் என்றேன்.

"பாவம், பல்லு காட்டப் போனப்ப எடுத்திருப்பாங்க" என்றார்.

"இவதாங்க என் சம்சாரம். தூள் செய்றது இவதான்."

முதலாளி மனைவியை மேலும் கீழும் பார்த்தார். என்னைத் தராசுப் பக்கம் இழுத்துக் குரலைத் தாழ்த்தினார். "படிச்ச மனுசன் நீங்க. வருசத் தெவசம் முடியிறவரைக்குமாவது பொறுத்திருக்கலாமே சேர்!"

மனைவிக்குக் கேட்டுவிட்டது. "நான் மொத தாரந்தாங்க மொதலாளி. அவங்கதான் நடுவுல வந்தாங்க" என்றாள்.

அவர் என்னைப் பார்த்த மாதிரி நான் எந்த மாணவனையும் பார்த்ததில்லை. மனைவிக்கு மட்டும் நாற்காலி போட்டு, சோடா உடைத்துக் கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில், "புது லேபல்ல ஒன் படத்தப் போடுறேன்" என்றேன்.

"வேணாம். ஒங்க படத்தப் போடுங்க. யாரு வித்ததுன்னு சனத்துக்குத் தெரியட்டும்" என்றாள்.

போட்டிருக்கிறேன். அவள் மறுபடி வறுக்கிறாள், குறைவாகத்தான். யட்டவத்தயில் நான் இன்றும் இரண்டு பெண்டாட்டிக்காரன். மறுக்க நான் அந்தப் பக்கம் போவதில்லை.