முதுகு காட்டி நின்றவர்

விருத்தாசலம் பேருந்து நிலையத்துக்கு அருகே புதிதாக வந்த ஏடிஎம்முக்கு அவர்தான் காவலர். முன்பு பீங்கான் சூளையில் வேலை பார்த்து வெந்தவர். முகத்தில் புருவமே இருக்காது. யார் கார்டைச் செருகினாலும் எழுந்து, முதுகைக் காட்டி நின்றுகொள்வார். ரகசிய எண் தன் கண்ணில் பட்டுவிடக் கூடாதாம்.

அந்த எந்திரத்தில்தான் எவனோ கார்டுகளை நகலெடுக்கும் கருவியை ஒட்டிவிட்டுப் போனான். பலருடைய பணம் போயிற்று. போலீஸ் அவரை விசாரித்து அனுப்பிய அன்று, “பக்கத்துலயே இருந்தீங்களே, பாக்கலையா?” என்று கேட்டேன்.

“அவரும் பணம் எடுக்கத்தான் வந்திருக்காருன்னு திரும்பி நின்னுட்டேங்க. அடுத்தவங்க நம்பர நான் பாக்கலாமாங்க?”

வேலை போய்விட்டது. பிறகு அவரை நான் பார்க்கவில்லை. இப்போது அங்கே கூரையில் ஒரு கேமரா இருக்கிறது. நான் எண்ணை அழுத்தும்போது அது திரும்பிக்கொள்வதில்லை.