பண்ணைக்காட்டில் கழலப் பார்த்த பின்சக்கரம்

பொங்கல் விடுமுறைக்குக் கொடைக்கானல் போகவே கூடாது என்று ஆண்டுதோறும் முடிவெடுப்போம், ஆண்டுதோறும் போவோம். இந்த ஜனவரியும் அப்படித்தான். ஏரியைச் சுற்றிக் கார்கள் நகராமல் நின்றதைப் பார்த்த என் கணவர் மகேந்திரன், "இதுக்கு மதுரையிலயே டிராபிக்ல நின்னுருக்கலாம்" என்றார். அன்று மதியமே பண்ணைக்காட்டுக்குப் பஸ் ஏறிவிட்டோம். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பயணம். வலப்பக்க ஜன்னலா இடப்பக்க ஜன்னலா என்று கேட்காதீர்கள், எனக்கு நின்றுகொண்டுதான் இடம் கிடைத்தது.

பண்ணைக்காடு கீழ்ப்பழனி மலையில் இருக்கிறது. காபி, மிளகு, மலைவாழை. மகேந்திரனின் நண்பர் சீனிக்கு அங்கே ஒரு காபித் தோட்டம் உண்டு. அவர் கல்யாணம் ஒன்றுக்காகத் திண்டுக்கல் போயிருந்தார். தோட்ட வீட்டுச் சாவியோடு, தாம் பழையதாக வாங்கி வைத்திருந்த ஸ்போர்ட் குவாட் வண்டியின் சாவியையும் எங்களுக்கு விட்டுப்போயிருந்தார். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: நான்கு தடித்த டயர், பைக் போல ஹேண்டில், ஒரே ஒருவர் உட்காரும் சீட். பொதுச் சாலையில் ஓட்டப் பதிவு கிடையாது, தோட்டத்து மண்பாதையோடு சரி.

மறுநாள் காலை முதலில் நான்தான் எடுத்தேன். மகேந்திரன் தருவார் என்று காத்திருந்தால் பொங்கலே முடிந்துவிடும். தோட்ட வீட்டிலிருந்து காபி காயவைக்கும் களம்வரை இரண்டு கிலோமீட்டர் ஏற்றம். பாதி வழியில் பெண்கள் பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் கையை வீசி என்னவோ கத்தினார். இன்ஜின் இரைச்சலில் எனக்குக் கேட்டது இரண்டு சொற்கள்தான்: "தங்கச்சி" என்பதும் "சில்லு" என்பதும். எனக்கோ குளிரில் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. "ஆமாக்கா, செம சில்லுன்னு இருக்கு!" என்று பதிலுக்குக் கத்தி, கையையும் ஆட்டிவிட்டுப் போனேன்.

மகேந்திரன் தோட்டத்து ஜீப்பில் பின்னால் வந்தார். களத்தில் இடம் மாறிக்கொண்டோம். அவர் குவாட்டில் கீழே கிளம்பினார். ஜீப் டிரைவர் முத்துப்பாண்டி கடைசிக் காபி மூட்டையை ஏற்றியதும் நான் அவரோடு கிளம்பினேன். பழம் பறிக்கும் இடம் வந்தபோது அதே அக்கா பாதையின் நடுவில் வந்து நின்று ஜீப்பை மறித்தார். பெயர் லெட்சுமி.

"தங்கச்சி, சில்லு ஆடுதுன்னு அப்பவே கத்துனனே, விளங்கலையா? இப்ப அந்தத் தம்பியும் நிக்காமப் போறாரு!"

"விளங்குச்சுக்கா, குளிருதான..." என்று நான் தொடங்குவதற்குள் முத்துப்பாண்டி தலையை வெளியே நீட்டினார்.

"ஏக்கா, எந்தச் சில்லு? முன்னதா, பின்னதா?"

"பின்னால. சோத்தாங்கைப் பக்கம்."

அவர் ஜீப்பை விரட்டினார். "அவங்க வீட்டுப் பேச்சுல சக்கரத்தத்தாங்க சில்லும்பாங்க. கீழ பாலத்து வளைவுல சுவரும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெறும் பள்ளமாக் கெடக்கு."

அந்த வளைவு எனக்குத் தெரியும். ஏறும்போது அங்கே நின்று அடியில் ஓடும் ஓடையைப் படம் எடுத்திருந்தேன். குவாட் கண்ணில் பட்டதும் முத்துப்பாண்டி ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. நான் வெளியே எக்கிக் கத்தினேன். வளைவு எங்களுக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்திருக்கும்.

மகேந்திரன் யார் ஹாரன் அடித்தாலும் ஒதுங்கி வழிவிடுகிற ஆள். மதுரையில் ஷேர் ஆட்டோவுக்கெல்லாம் வழிவிட்டு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். அன்றும் அதையே செய்தார். வளைவுக்கு முன்னால், மலை ஓரமாக ஒதுங்கி நின்று, போங்க போங்க என்று எங்களுக்குக் கைகாட்டினார். நான் இறங்கி ஓடிப்போய் அவர் முதுகில் ஒரு அடி வைத்தேன். பிறகு அங்கேயே நின்று அழுதேன். பாவம், என்ன தப்புச் செய்தோம் என்றே அவருக்குத் தெரியவில்லை.

சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் லொடலொடவென்று ஆடியது. நடு மூடியைக் கழற்றிப் பார்த்தோம். ஹப் என்பது சக்கரத்தை ஆக்ஸிலோடு சேர்த்துப் பிடிக்கும் பாகம். ஆக்ஸிலின் முனையில் பல் வெட்டியிருக்கும், ஹப் அதில் செருகி உட்காரும். வெளியே ஒரு பெரிய நட்டு. அது கழலாமல் குறுக்கே ஒரு ஸ்பிளிட் பின், அதாவது முனை இரண்டாகப் பிரியும் கம்பி ஊசி. எங்கள் வண்டியில் பின்னைக் காணோம், நட்டு கடைசி மரையில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஜீப்பின் ஜாக்கியை வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, பற்களை மண் போகத் துடைத்தோம். நல்லவேளை, மழுங்கவில்லை. ஹப்பை உள்ளே தள்ளி, குழாய் வேலைக்கென்று ஜீப்பில் கிடந்த பைப் ரெஞ்சால் நட்டை இறுக்கினார்கள். பின் போகும் துளையும் நட்டில் இருந்த வெட்டும் நேராக வரவில்லை.

"லேசா லூஸ் பண்ணுனா நேரா வந்துரும்ணே. வெரசா முடிஞ்சிரும்" என்றார் முத்துப்பாண்டி.

"லூஸானதாலதானப்பா இம்புட்டு வம்பும்? இன்னும் இறுக்குவோம்."

நான் பின்சக்கர பிரேக்கை மிதித்துக்கொள்ள, இரண்டு பேரும் ரெஞ்சில் தொங்கினார்கள். துளை தெரிந்தது. ஸ்டியரிங் வேலைக்கென்று முத்துப்பாண்டி வைத்திருந்த பின் கொஞ்சம் மெலிசு என்றாலும் உள்ளே போனது. முனைகளை விரித்து மடக்கினார்கள். நடக்கிற வேகத்தில் மகேந்திரனே வீடுவரை ஓட்டிவந்தார். மறுபடி ஆட்டிப் பார்த்தோம், அசையவில்லை. சரியான தடிமனில் பின் மாற்றும்வரை யாரும் தொடக் கூடாது என்று சீனிக்குப் போன் செய்தோம்.

சாயங்காலம் லெட்சுமியக்காவைப் பார்க்கப் போனேன். அவர் சிறுபிள்ளையாக இருந்தபோது குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்ததாம். "நான் கத்தக் கத்த நீ சிரிச்சிக்கிட்டே போறே. இந்தப் பிள்ளைக்கு உசுரு மேல ஆசையே இல்லியான்னு நெனச்சேன்" என்றார். சுற்றியிருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பிடித்திருந்த அக்காவின் கையை மட்டும் விடவில்லை.

இப்படி ஒரு வண்டி உங்களுக்கும் கிடைத்தால், ஏறுவதற்கு முன் ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லேசாக ஆடினாலும் எடுக்காதீர்கள். நட்டும் துளையும் சேராவிட்டால் இறுக்கும் பக்கம்தான் போக வேண்டும். பழைய பின்னை நிமிர்த்திப் போடாதீர்கள். ஹெல்மெட் கட்டாயம். வழியில் யாராவது கையசைத்துக் கத்தினால், இன்ஜினை அணைத்துவிட்டு என்னவென்று கேளுங்கள்.

மறுநாள் வெள்ளனே கிளம்பும் வத்தலக்குண்டு பஸ்ஸில் இருவருக்கும் உட்கார இடம் கிடைத்தது. முதல் கொண்டை ஊசி வளைவிலேயே மகேந்திரன் தூங்கி என் தோளில் சாய்ந்துவிட்டார். வழக்கமாக முழங்கையால் இடித்துத் தள்ளிவிடுவேன். மனுஷன் நல்ல கனம். வத்தலக்குண்டு வரும்வரை என் தோள் மரத்துப்போய்க் கிடந்தது, நான் அசையவே இல்லை.