நூற்றிப்பத்து டிகிரியில் காய்ந்த ஈயம்

விருத்தாசலத்தில் செராமிக் டிப்ளமோ படித்த மூன்று வருடத்தில் என் கைக்கு முதலில் பழகிய பாடம் ஒன்றுதான்: எதையும் எடை போடுவதற்கு முன் காயவை. களிமண்ணாக இருக்கட்டும், கல்மாவாக இருக்கட்டும், ஈரம் உள்ளவரை தராசு சொல்வது பொய். நூற்றிப்பத்து டிகிரி ஓவனில் வைத்து, மூடிய கண்ணாடிச் சாடியில் ஆறவிட்டு, அதற்குப் பிறகுதான் எடை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்த முதல் ஆள் நான். அப்பா செராமிக் தொழிற்பேட்டையில் சூளை வண்டியில் மின்கம்பத்துப் பீங்கான் இன்சுலேட்டர் அடுக்குகிறவர். அவர் அடுக்கியது ஏன் விரிசல் விட்டது என்று அவருக்கே விளக்கம் சொல்கிற அளவுக்கு நான் படித்திருந்தேன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. இதை மறைத்துவிட்டு மற்றதை எழுத முடியாது.

மூன்றாம் வருடத்தில் எங்கள் விளையாட்டு மிஸ் எங்கிருந்தோ ஒரு ஏர் ரைஃபிளைக் கல்லூரிக்கு வாங்கி வந்தார். உடைந்த பெஞ்சுகள் கிடந்த அறையைக் காலி செய்து பத்து மீட்டர் அளந்து கோடு போட்டோம். முதல் வாரம் இருபது பெண்கள் வந்தார்கள். கடைசியில் மிஞ்சியது இரண்டு பேர். நான் ஒருத்தி. இன்னொருத்தி நல்லூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகும் என் வகுப்புத் தோழி. அவளை எல்லோரும் நல்லூர்க்காரி என்றுதான் கூப்பிட்டோம். துப்பாக்கியைத் தூக்கிவிட்டால் அவள் மூச்சு விடுகிறாளா என்று சந்தேகம் வரும். என்னைவிட நன்றாகச் சுட்டாள். அன்றைக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால், "அவளுக்குக் கை, எனக்கு மூளை" என்று பதில் சொல்லியிருப்பேன்.

அவளுக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடலூரில் நடக்கும் மாவட்டப் போட்டியில் நானூறுக்கு முந்நூற்று நாற்பது எடுத்தால் மாநிலப் போட்டிக்குப் போகலாம், அந்தச் சான்றிதழ் இருந்தால் போலீஸ் தேர்வில் விளையாட்டு ஒதுக்கீட்டில் கேட்கலாம் என்று மிஸ் சொல்லியிருந்தார். நல்லூர்க்காரி அதை அப்படியே அவள் அப்பாவிடம் சொல்லிவிட்டாள். "அதுல தேறிட்டன்னா ரெண்டு வருசம் கல்யாணப் பேச்ச எடுக்கமாட்டேன். தேறலன்னா நான் சொல்றதக் கேக்கணும்" என்று அவர் ஒப்புக்கொண்டார். அவர் வாக்கு மாறாதவர் என்பதில் அவளுக்குப் பெருமை. பயிற்சியில் முந்நூற்று ஐம்பதுக்குக் குறையாமல் சுட்டுக்கொண்டிருந்ததால் பயமும் இல்லை.

சுடுவது அவள் பொறுப்பு, பெல்லட் என் பொறுப்பு. பெல்லட் என்பது இடுப்பு சிறுத்த குட்டி ஈயக் குண்டு. அரை கிராமுக்குச் சற்று மேல் இருக்கும். ஒரே டப்பாவில் இருந்தாலும் எல்லாம் ஒன்றல்ல. ஒன்று ஐந்நூற்று இருபத்தெட்டு மில்லிகிராம் என்றால் அடுத்தது ஐந்நூற்று முப்பத்தைந்து. விளிம்பு நசுங்கியது இருக்கும், பிசிறு ஒட்டியது இருக்கும். ஒவ்வொரு துப்பாக்கிக் குழலுக்கும் பிடித்த பெல்லட் வேறு. எங்கள் குழலுக்கு எது பிடிக்கும் என்று கண்டுபிடிக்கவே இரண்டு மாதம் ஆனது. மணல் மூட்டையில் துப்பாக்கியைச் சாய்த்து, ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் ஐந்தைந்தாகச் சுட்டு, ஓட்டைகள் எவ்வளவு விலகி விழுந்தன என்று வெர்னியர் அளவுகோலால் அளந்து நோட்டில் எழுதினேன். போட்டிக்கென்று ஒரு வெளிநாட்டு டப்பா தேறியது. அதை எடுத்து வைத்துவிட்டு, பயிற்சிக்குச் சாதா டப்பாவையே பயன்படுத்தினோம்.

போட்டி டப்பாவில் இருந்த ஐந்நூறையும் லேப் தராசில் எடை போட்டுத் தரம் பிரித்தேன். கொஞ்சம் வீட்டுக்கும் எடுத்துப்போய் விளக்குக்கடியில் விளிம்பு பார்த்தேன். அம்மா பார்த்துவிட்டு, "அரிசியில கல்லு பொறுக்கச் சொன்னா இடுப்பு வலிக்குதுன்ற. இத மட்டும் எப்படிடி பொறுக்கற?" என்றார்.

எடை போடும்போதுதான் அது கண்ணில் பட்டது. பெல்லட்களில் மெல்லிய எண்ணெய்ப் பிசுக்கு. விரலில் கறுப்பாக ஒட்டியது. இதை வைத்துக்கொண்டு எடை போட்டால் எண்ணெயையும் சேர்த்தல்லவா எடை போடுகிறோம்? எனக்கு அதற்குமேல் யோசிக்கத் தேவைப்படவில்லை. சோப்புத் தண்ணீரில் அலசி, அசிட்டோனில் கழுவி, பீங்கான் தட்டில் பரப்பி, ஓவனில் நூற்றிப்பத்து டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தேன். சாடியில் ஆறவைத்து எடை போட்டேன். எண்கள் அழகாக ஒன்றுகூடின. ஐந்நூற்று முப்பத்திரண்டில் மட்டும் இருநூறுக்கு மேல் குவிந்தன. மணல் மூட்டையில் வைத்து ஐந்து சுட்டேன். ஐந்தும் ஒரே ஓட்டை.

"என்னாடி பண்ண?" என்றாள் நல்லூர்க்காரி.

"காயவெச்சேன்."

"ஈயத்தயா? கருவாடா அது?"

"உனக்குப் புரியாது. நீ சுடு."

போட்டிக்கு முந்தைய நாள் குழலையும் சுத்தம் செய்தேன். துணி வெள்ளையாக வரும்வரை விடவில்லை. சாதா டப்பாவை அவள் பையில் வைத்தபோது, "இந்தக் குப்பை எதுக்குடி?" என்று நான்தான் எடுத்து அலமாரியில் வைத்தேன்.

கடலூரில் எனக்கு முதல் சுற்று, அவளுக்கு இரண்டாம் சுற்று. ஒரே துப்பாக்கி. முதல் பத்துத் தோட்டா நன்றாகப் போயின. பதினைந்துக்கு மேல் ஒன்று காரணமில்லாமல் இடப்பக்கம் விலகியது. அடுத்தது கீழே. நான்தான் விசையை வெடுக்கென்று இழுத்துவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு எட்டு, ஏழு, ஒன்பது, ஏழு. குவியல் மொத்தமாக நகர்ந்தால் குறிபார்க்கும் சைட்டைத் திருப்பிச் சரிசெய்யலாம். விரிந்துகொண்டே போனால் எந்தப் பக்கம் திருப்புவது? முப்பதாவது பெல்லட்டைக் கட்டைவிரலால் குழலுக்குள் தள்ளியபோது லேசாகச் சுரண்டியது. விரலைப் பார்த்தேன். கறுப்புப் பிசுக்கு இல்லை. உலர்ந்த சாம்பல் தூள்.

அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. அந்த எண்ணெய் அழுக்கல்ல. ஈயம் குழலில் ஒட்டாமல் வழுக்கிப் போவதற்காகப் பூசியது. ஐந்தைந்தாகச் சோதித்தபோது, சாதா பெல்லட்கள் விட்டுப்போன எண்ணெய் குழலுக்குள் இருந்ததால் தப்பித்திருந்தேன். முந்தைய நாள் அதையும் என் கையாலேயே துடைத்து எடுத்துவிட்டேன். இப்போது ஒவ்வொரு குண்டும் குழலில் ஈயத்தை அப்பிக்கொண்டே போகிறது.

என் நாற்பது குண்டும் முடிந்து வெளியே வந்தபோது மதிப்பெண்ணைக் கேட்கக்கூட நிற்கவில்லை. மிஸ்ஸிடம் ஓடினேன். "மிஸ், பெல்லட்ல தப்பு பண்ணிட்டேன். வேற யார்கிட்டயாவது வாங்கித் தாங்க மிஸ். குழலயும் துடைக்கணும்."

"துடைக்கிற கம்பி எங்க?"

"கொண்டாரல."

மிஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்குக் கை ஆடிச்சி. அதுக்குப் பெல்லட்ட குத்தம் சொல்லாத."

"இல்ல மிஸ், நெசமா."

"சரி, நெசமாவே இருக்கட்டும். பழகாத பெல்லட்ட இப்பப் போயி அவ கையில குடுத்தா என்ன ஆவா? பதறிடுவா. வாய மூடிக்கிட்டு பின்னால நில்லு."

துப்பாக்கியை வாங்கிக்கொள்ள நல்லூர்க்காரி வந்தாள். "எப்டிடி போவுது?" என்று கேட்டாள். நான் ஏதோ தலையை ஆட்டினேன். மிஸ் சொன்னதால்தான் சொல்லாமல் இருந்தேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அவள் முன்னால் என் மூளை தோற்றுப்போனதைச் சொல்ல நாக்கு எழவில்லை என்பதும் உண்மை.

ஒன்றேகால் மணி நேரம் கயிற்றுக்குப் பின்னால் நின்றேன். கோட்டில் நிற்பவளிடம் யாரும் பேசக்கூடாது. ஆரம்பத்திலேயே அவளுக்குத் துப்பாக்கி ஒத்துழைக்கவில்லை. சைட்டை இரண்டு கிளிக் திருப்புவாள். அடுத்த குண்டு எதிர்ப்பக்கம் போகும். திரும்பவும் பழைய இடத்துக்கே திருப்புவாள். துப்பாக்கியை இறக்கி வைத்து உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்தாள். தன் தோளைத் தொட்டுப் பார்த்தாள். தன் நிற்பு தவறு, மூச்சு தவறு என்று அவள் தன்னிடமே தேடுவது எனக்கு முதுகுப்பக்கத்திலிருந்து தெரிந்தது. எல்லாமே சரியாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வழியில்லை. அவள் எடுத்தது முந்நூற்று முப்பத்தொன்று. ஒன்பது குறைவு.

பஸ்ஸில் அவள் ஒரே ஒரு முறை பேசினாள். "கடைசியில கை இறங்கிடுச்சி போலடி." நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பத்து நாள் கழித்து அவள் கல்லூரிக்கு வருவது நின்றது. பரீட்சைக்கு மட்டும் வருவாள், அடுத்த முகூர்த்தத்தில் நிச்சயம் என்று வகுப்பில் சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்லூர் பஸ் ஏறினேன். படித்தவள் போய் எடுத்துச் சொன்னால் அவள் அப்பா கேட்பார் என்று நம்பினேன். நோட்டையும் எடுத்துப் போனேன். தோற்றது அவளல்ல என்பதற்கு அதில் சான்று இருந்தது.

அவர் உளுந்து காய்ந்துகொண்டிருந்த களத்திலிருந்து துண்டை உதறிக்கொண்டு வந்தார். "வாம்மா. வூட்டுக்குள்ள வா. காப்பி சாப்புடு" என்றார். நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார். நான் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெய், ஓவன், குழலில் ஒட்டிய ஈயம். ஒன்றையும் விடவில்லை. "தப்பு என்னோடதுங்க. அவ நல்லாதான் சுட்டா. இன்னும் ஒரு வருசம் டைம் குடுங்க."

அவர் பொறுமையாகக் கேட்டார். நோட்டில் இருந்த ஓட்டைத் தாள்களை விரலால் தடவிப் பார்த்தார். "படிச்ச புள்ள சொல்ற. சரியாத்தான் இருக்கும்" என்றார். பிறகு, "அடுத்த வருசம் இன்னொருத்தங்க ஒரு தப்பு பண்ணா, அப்பவும் ஒரு நோட்டு வருமா?" என்றார். கோபமே இல்லாமல் கேட்டார். நான் நோட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். "அது பேசின பேச்சு, நான் குடுத்த வார்த்தை. மாப்ள வூட்டுக்கும் சொல்லியாச்சிம்மா" என்று எழுந்து களத்துக்குப் போனார்.

திரும்பினால் உள்கதவருகே அவள் காப்பி டம்ளரோடு நின்றாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

"கோட்டுல நிக்கும்போதே உனக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியும்."

"பஸ்ஸுல?"

"தெரியும்டி."

"நான் கை இறங்கிடுச்சின்னு சொன்னேனே."

நான் நோட்டை மூடினேன்.

"எங்கப்பாகிட்ட சொல்ல இவ்ளோ தூரம் வந்திருக்க" என்றாள். டம்ளரை நாற்காலி ஓரமாகக் கீழே வைத்தாள். "குடிச்சிட்டுப் போ. ஆறிடும்."

உள்ளே போய்விட்டாள். நான் அந்தக் காப்பியைக் கடைசிவரை குடித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.